கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் வெள்ளைப்படுதல் நின்றுவிடுமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 31. பள்ளிபாளையம் பக்கம் தறிக்குப் போகிறேன். வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில், போர்வெல் போடும் வண்டியில், டிரில்லர். வருசத்தில் எட்டொன்பது மாதம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வடக்கேதான் இருப்பார், மழைக்கு வண்டி நிற்கும்போதும் ஊர் நோம்பிக்கும் வருவார். பெண் ஒன்று, பையன் ஒன்று. பையன் பிறந்தபோதே எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்துவிட்டார்கள். ஒன்றரை வருசமாக வெள்ளைப்படுகிறது. மஞ்சளாக, நுரை மாதிரி, கெட்ட வாடையோடு, எரிச்சலும் அரிப்பும் தாங்க முடியவில்லை. மூன்று தடவை காட்டி மாத்திரை சாப்பிட்டேன். சரியாகிவிடும், அவர் வந்து போய்ப் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி ஆரம்பிக்கும். கடைசியாகப் பார்த்த டாக்டர், இது பூச்சித் தொற்று, அவரும் சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தனிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "உனக்கு வந்ததுக்கு நான் எதுக்கு மருந்து திங்கோணும்" என்று கிழித்துப் போட்டுவிட்டார். ஆணுறை பற்றி மெதுவாகக் கேட்டதற்கு, "ஆபரேசன் பண்ணின பொறவு அது எதுக்கு, நான் இல்லாதப்ப இங்க என்ன நடக்குது" என்றார். அதிலிருந்து நான் வாயே திறப்பதில்லை. மாமியார், "எல்லாம் உடம்புச் சூடு, அதான் ரெண்டு புள்ளை ஆயிருச்சே, பையை எடுத்துட்டாத் தொல்லை விட்டுது" என்கிறார். எடுத்துவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

வேண்டாம் அம்மிணி. பையை எடுக்க வேண்டாம். மீதியைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொல்லை கர்ப்பப்பையில் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் பிறப்புறுப்புப் பாதையில் இருக்கிறது. பையை எடுத்தாலும் அந்தப் பாதை அப்படியேதான் இருக்கும், அவர் ஊருக்கு வந்தால் கிருமியும் திரும்ப வரும். ஐம்பது அறுபதாயிரம் கடன் வாங்கி ஆபரேசன் செய்துகொண்டு, ஆறு மாதம் கழித்து அதே வாடை, அதே எரிச்சலோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 31 வயதில் பையை எடுத்தால், சினைப்பையை விட்டுவைத்தால்கூட மாதவிடாய்க் காலம் முடிந்தபின் வரும் மாற்றங்கள் சில வருசம் முன்னாலேயே வரலாம். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அடுத்த நாளே ஆரம்பித்துவிடும், உடம்பு காந்தும், தூக்கம் போகும், எலும்பு தேயும். அதற்கப்புறம் எப்படி நீங்கள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் தறி முன்னால் நிற்பீர்கள்? தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது அவ்வளவு பெருகிப்போனதால்தான், அதைத் தடுப்பதற்கென்று மத்திய அரசு வகுத்த வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

சரி, வியாதிக்கு வருவோம். எல்லா வெள்ளைப்படுதலும் ஒன்றல்ல. மாதவிடாய்க்கும் மாதவிடாய்க்கும் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வந்தால் அது வியாதியே இல்லை. தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை, அது அடிக்கடி வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு வருவது வேறு வகை. நீங்கள் எழுதியிருக்கும் மஞ்சள் நிறம், நுரை, எரிச்சல், "பூச்சி" என்று டாக்டர் சொன்னது, அவருக்கும் சீட்டு எழுதியது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் டிரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடிதத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்லக் கூடாது, படுகிற வெள்ளையில் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வந்து போனபின் பத்துப் பதினைந்து நாளில் ஆரம்பிக்கிறது என்று எழுதினீர்களே, அந்தக் கணக்கு இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. உடலுறவு வழியாகத் தொற்றி, ஐந்து நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் தொல்லையைக் காட்டுவது இதன் வழக்கம்.

இதில் உங்கள் வீட்டுக்காரருக்குப் புரியாத விசயம் ஒன்று இருக்கிறது. தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் நினைப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொற்று எந்த அறிகுறியும் காட்டாது. சிறுநீர்த் தாரையிலும் அதைச் சுற்றியும் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் மாத்திரை சாப்பிட்டு உங்கள் உடம்பைச் சுத்தம் செய்துகொள்கிறீர்கள், அவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் இருப்பது உங்களுக்கு வருகிறது. மூன்று தடவையும் மருந்து வேலை செய்திருக்கிறது அம்மிணி. ஒருத்தருக்கு மட்டும் கொடுத்ததால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கும்படி ஆகிறது என்பதைத்தான் இத்தனை வருசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அறைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் தனியாக வருவதில்லை, மாமியாரோ நங்கையாளோ கூட வருகிறார்கள். "என்ன செய்யுது கண்ணு?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டால் பதில் மாமியாரிடமிருந்து வருகிறது, "சூடுங்க, பச்சத்தண்ணியே குடிக்க மாட்டாளுங்க." நான் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியபிறகுதான் அந்தப் பெண் "அங்கே", "கீழே" என்று ஆரம்பிக்கும். உறுப்புக்குப் பேர் சொல்லக்கூட வாய் வராது. மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் அந்த வயதில் இதே தொல்லை இருந்திருக்கும், யாரிடமும் சொல்லாமல் வெந்தயமும் மோரும் எண்ணெய்க் குளியலுமாக முப்பது வருசம் ஓட்டியிருப்பார். மோரும் இளநீரும் உடம்புக்கு நல்லதுதான், தாராளமாகக் குடியுங்கள். கிருமியை அவை கொல்லாது. "சூடு" என்று சொல்லிவிட்டால் வெய்யில் மேலும் தறி மேலும் பழியைப் போட்டுவிடலாம், வீட்டுக்குள் யாரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியதில்லை, அதனால்தான் அந்தச் சொல் இத்தனை நாள் நம் வீடுகளில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த ஆபரேசன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வரிதான். "செய்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். செய்துகொண்டேன் என்று எழுதவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் கணக்கு பாதிக்கும் மேலே. ஆண்களுக்கான ஆபரேசன் கத்தி வைக்காமல், மரத்துப்போக ஊசி போட்டு, கால்மணி நேரத்தில் முடிந்து, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகக்கூடியது. ஆண்மைக்கும் உழைக்கும் பலத்துக்கும் அதனால் ஒரு குறையும் வராது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். இருந்தும் பிரசவ வார்டில் எந்த வீட்டிலும் "பையன் பண்ணிக்கட்டும்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எமர்ஜென்சி காலத்தில் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்த பயம் இன்னும் போகவில்லை என்பதும் ஒரு காரணம், ஆனால் ஐம்பது வருசத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நம் ஈரோட்டிலிருந்து வந்த குடிஅரசு இதழில் பெரியார் கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதியபோது, நாட்டின் வறுமைக்காக, தாயின் ஆரோக்கியத்துக்காக என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களை ஒதுக்கிவைத்து, பெண்ணின் விடுதலைக்காக என்று சொன்னார். இங்கே அது பெண்ணின் வேலையாக ஆனதே தவிர, பெண்ணின் முடிவாக ஆகவில்லை.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்துவிட்டது. கருத்தடைக்காக என்று சொல்லி ஆணுறை கேட்பது ஒரு மனைவிக்குக் கௌரவமான காரணம். "இன்னொரு குழந்தை வேண்டாம்" என்றால் போதும். ஆபரேசன் முடிந்த அன்றைக்கு அந்தக் காரணம் போய்விடுகிறது. அதற்கப்புறம் அதே பொருளைக் கேட்டால் ஒன்று அவர் மேல் சந்தேகம், இல்லையென்றால் இவள் மேல் சந்தேகம். நீங்கள் கேட்டது வியாதி வராமல் தடுக்க. அவர் காதில் விழுந்தது வேறு. ஒன்பது மாதம் வெளியே இருப்பவரை யாரும் கேட்பதில்லை, ஒன்பது மாதமும் வீட்டிலும் பட்டறையிலும் இருப்பவளிடம்தான் "இங்க என்ன நடக்குது" என்ற கேள்வி வருகிறது. நல்ல பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கக் கூடாது, தெரிந்திருந்தால் எங்கே கற்றாய் என்று கேட்பார்கள். தெரியாமல் இருப்பதைத்தான் ஒழுக்கம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த ஒழுக்கம் எந்தக் கிருமியையும் நிறுத்தியதில்லை.

நான் நாமக்கல் பக்கம் வேலை பார்த்த காலத்தில் லாரித் தொழில் நடந்த ஊர்களில் எச்.ஐ.வி. மிக அதிகமாக இருந்தது. "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம், உங்களுக்கும் சின்ன வயதில் பார்த்த ஞாபகம் இருக்கலாம். அப்போது என்னிடம் வந்த மனைவிகளில் மிகப் பலர் தங்கள் கணவரைத் தவிர இன்னொரு ஆளின் கையைக்கூடத் தொடாதவர்கள். ஒரு பெண்ணுக்கு 24 வயது, இரண்டாவது கர்ப்பத்தில் ரத்தம் பார்த்தபோதுதான் தெரிந்தது. கணவர் ஒன்றரை வருசத்தில் இறந்துபோனார். இவள் வந்த நேரம்தான் என் மகன் போனான் என்று சொல்லி அந்த வீட்டில் அவளைக் கைக்குழந்தையோடு அனுப்பிவிட்டார்கள். அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கு எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து இருக்கிறது, தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியாகக்கூட மற்றவருக்குப் போவதில்லை, பிள்ளைக்கும் வராமல் தடுக்கலாம். நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் "உனக்கு எதுக்கு அது?" என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரித் தொற்று இருக்கும்போது மற்றவை எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறேன். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கும், எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். அங்கேயே சுகவாழ்வு மையம் எங்கே என்று கேளுங்கள், பால்வினைத் தொற்றுக்கு அங்கேதான் பார்ப்பார்கள், மேகப்புண் (சிபிலிஸ்) நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுவார்கள். நீங்கள் தனியாகப் போகலாம், வீட்டுக்காரர் கையெழுத்து எதற்கும் வேண்டியதில்லை. உங்கள் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் ஆற்றைத் தாண்டி ஈரோட்டுக்கு வாருங்கள், பள்ளிபாளையத்துப் பெண்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள். உங்களுக்கு 30 தாண்டிவிட்டதால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் அதோடு செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பெண் குழந்தைக்கு 9 வயதுக்கு மேல் ஆகியிருந்தால் அந்தப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி பற்றியும் விசாரித்துவையுங்கள். டெட்டாலோ சோப்போ போட்டு உள்ளே கழுவுவதை மட்டும் நிறுத்துங்கள், எரிச்சல் அதனால் கூடத்தான் செய்யும்.

இனி அவரிடம் எப்படிப் பேசுவது. "உங்களாலதான் வந்தது" என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். இந்தக் கிருமி எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, எனவே நீங்களும் மனதில் கணக்குப் போட்டு வேக வேண்டாம். பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ராத்திரி மருந்து தடவச் சொல்வோம் இல்லையா, யாருக்கு முதலில் வந்தது என்று பஞ்சாயத்தா வைக்கிறோம்? அதைச் சொல்லுங்கள். "ரெண்டு பேரும் ஒட்டுக்கா சாப்பிட்டாத்தான் நிக்குமாம், இல்லீனா மாசாமாசம் டாக்டருக்குத்தான் காசு கொடுக்கோணும்" என்று சொல்லுங்கள், காசுக் கணக்கு பல ஆண்களுக்குச் சீக்கிரம் புரிகிறது. ஊருக்கு வந்த அன்றைக்கு ராத்திரி பேசாதீர்கள், போனிலும் வேண்டாம், கூட வேலை செய்பவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். இரண்டு நாள் கழித்து, வெளிச்சத்தில், மாமியார் தோட்டத்துக்குப் போயிருக்கும்போது பேசுங்கள். நான் எழுதியதைக் காட்டலாம் என்று தோன்றினால் காட்டுங்கள்.

அவர் மசியவில்லை என்றால்? இரண்டு பேரும் மருந்து முடித்து ஒரு வாரம் ஆகும் வரை உறவு கூடாது, இல்லாவிட்டால் ஆணுறை வேண்டும், "டாக்டர் உத்தரவு" என்று என்மேல் பழியைப் போடுங்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். மருந்துக் கடையில் வாங்கக் கூச்சம் என்றால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதையும் மீறிக் கட்டாயப்படுத்தினால், கை ஓங்கினால், பொறுத்துப் போகச் சொல்ல என்னால் முடியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் வருசத்துச் சட்டம் கணவன் செய்யும் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றுதான் சொல்கிறது. 181-க்கு எந்த நேரமும் பேசலாம்.

உங்கள் வீட்டுக்காரர் இதைப் படிப்பார் என்று நம்பி அவருக்கும் நாலு வார்த்தை எழுதுகிறேன்.

தம்பி, உங்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, அதற்காக எழுதவுமில்லை. வெய்யிலில் மண்ணும் புழுதியும் தின்று, வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கி, இந்த வீட்டுக்காக எட்டொன்பது மாதம் வெளியே இருக்கிறீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் ஆம்பளைக்கு இழுக்கு என்று உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிவைத்திருப்பார்கள். அதனால்தான் எரிச்சல் வந்தால் மருந்துக் கடையில் நாலு மாத்திரை, அதற்கும் மேலே போனால் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் உட்காரும் வைத்தியரிடம் பத்தாயிரம், இருபதாயிரம் என்று போகிறீர்கள். இந்தத் தொற்று தங்கிவிட்டால் உங்களுக்கும் சிறுநீர்த் தாரையில் புண்ணும் கடுப்பும் வரலாம். மருந்து சில மாத்திரைகள்தான், சில பேருக்கு ஒரே வேளையோடு முடிந்துவிடும். டாக்டர் சொன்ன நாள் வரை குடிக்கக் கூடாது, அது ஒன்றுதான் கஷ்டம். ஊருக்கு வர முடியாவிட்டால் வண்டி எந்த ஊரில் நிற்கிறதோ அந்த மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே போய்க் காட்டலாம். 1097 என்ற எண்ணுக்குப் போட்டால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. அறிகுறி இல்லையே என்று இருக்காதீர்கள். உங்கள் மனைவி உங்களைச் சந்தேகப்பட்டிருந்தால் சீட்டு வாங்கிவந்து உங்கள் கையில் கொடுத்திருக்க மாட்டார், அழுதுகொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்.

இந்தத் தடவை மழைக்கு வண்டி நின்று ஊருக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே டாக்டரிடம் போங்கள். புதுச் சீட்டு எழுதி வாங்குங்கள், இரண்டு பேரும் அன்றைக்கே மருந்தை ஆரம்பியுங்கள். அம்மிணி, நீங்கள் மட்டும் மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.